இருந்து செய்கிற வேலை

"…வெயில் இல்ல, மழை இல்ல, தலைக்கு மேல காத்தாடி சுத்துது, ஆரும் வந்து ஏசுறதும் இல்ல. இருந்து செய்யிற வேல காக்கா. இதுல என்ன குறையெண்டு நீங்க வாயத் துறந்து சொன்னாத்தானே எனக்கு விளங்கும்?"

அந்தப் பிள்ளை இப்படிக் கேட்டபோது நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னாலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் எங்கள் புடவைக் கடையின் கீழ்த்தளம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. வாசல் ஒரு சதுரம், காசு மேசை ஒரு சதுரம், சாரிப் பகுதி ஒன்று, பிள்ளைகளின் உடுப்புப் பகுதி இன்னொன்று. நான் மேல்மாடியில், துணிக்கட்டுகள் அடுக்கிய ஓர் அறையில் கதிரையில் அமர்ந்திருந்தேன். அவள் படியேறி வந்த களைப்பில் தன் பையாலேயே முகத்துக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். கல்முனைக்கு வடக்கே இருக்கிற தமிழ் ஊரொன்றைச் சேர்ந்தவள். என்னைப் போன்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், கொடுத்தபிறகு இடைக்கிடை வந்து எப்படி இருக்கிறோம் என்று பார்ப்பதும் அவளுடைய உத்தியோகம். என்னைப் போன்றவர்கள் என்றால் யார் என்பதற்கு அலுவலகங்களில் காலத்துக்கொரு பெயர் வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் முன்னையதைவிட நீளமாக வருகிறது. எங்கள் தெருவில் 'கால் எடுத்த காக்கா' என்கிறார்கள், காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். கேட்டவுடனே ஆள் விளங்கிவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் பெரிதாக ஒன்றும் படித்தவனில்லை. கடைக்கு வருகிற துணிக்கட்டுகளைச் சுற்றியிருக்கும் பழைய பத்திரிகைகளை விரித்து வாசித்துத்தான் எழுதுகிற பழக்கம் எனக்கு வந்தது. கதைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சாரிப் பகுதி மேசைக்குப் பின்னால் நின்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். நின்று நின்றே என் இளமை போனது. அதைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஏனென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் வருகிற பெண்கள் சும்மா வருவதில்லை. ஆளுக்கொரு பேச்சோடு வருவார்கள்.

ஒரு சிவப்புச் சாரியை விரித்துக் காட்டினால் ஒருத்தி சொல்வாள்: "இத உடுத்துக்கிட்டு றோட்டால போனா பஸ்ஸெல்லாம் நிக்கும் காக்கா." இன்னொருத்தி துணியின் ஓரத்தைக் கசக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ட புருஷன் மாதிரி, பாக்கத்தான் முறுக்கு" என்பாள். கூட வந்த மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வரிப்பத்தான்சேனை என்கிற ஊரிலிருந்து ஒரு ராத்தா வருவார், அக்காவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வயலில் வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு மகள்மாரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறி வருவார். அபாயாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் கதிரையில் அமர்ந்தால், கடையில் மற்ற வேலை நின்றுவிடும். எல்லோரும் எங்கள் இருவரின் விலைப் பேச்சைக் கேட்க வந்துவிடுவார்கள்.

"காக்கா, உங்கட விலை காலையில இரிந்து நிண்டுக்கிட்டே இரிக்கி. பாவம், கொஞ்சம் கீழ இருத்துங்க."

"இருத்தினா மறுகா ஒழும்பாது ராத்தா."

"ஒழும்பாட்டிக் கிடக்கட்டும். நான் தூக்கிக்கிட்டுப் போறன்."

விலை பேசுவது விலைக்காக மட்டும் நடக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒரு பெருநாள் வியாபாரத்தையும் கிட்ட நின்று பார்த்ததில்லை. நான் உன்னை ஏமாற்றக்கூடியவன், நீ என்னை மடக்கக்கூடியவள், இரண்டு பேரும் சரிக்குச் சரி. இதைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்போம். வீட்டுக்குப் போனால் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, "இண்டைக்கு என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்பாள். மீனையும் மரக்கறியையும் கேட்கவில்லை. அன்று கடையில் பிடித்த பேச்சைக் கேட்கிறாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவேன்.

பிறகு எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண். நின்று வேலை செய்கிறவன் தன் காலைத் தானே குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தபோது நேரம் போய்விட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த புதிதில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். திராட்சைப் பழமும் விசுக்கோத்துப் பெட்டியும் கட்டிலுக்குப் பக்கத்தில் குவிந்தன. எல்லோரும் காலைப் பற்றியே கதைத்தார்கள். காலைப் பற்றி எவ்வளவுதான் கதைக்கலாம்? கொஞ்ச நாளில் உள்ளே வந்தவர்கள் வாசலோடு நின்று ஸலாம் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாளில் அந்த ஸலாமும் றோட்டால் போகிறபோதே கையை உயர்த்துவதோடு முடிந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரவருக்கு வேலை இருந்தது. எனக்குத்தான் இல்லை. பொய்க்கால் பொருத்தி, கைத்தடியோடு நடந்து பழகி முடிந்தபோது, நடந்து போவதற்கு எனக்கு ஓர் இடமும் இல்லை என்பது தெரிந்தது. எதிரே இருந்த மதிலில் பாசி எங்கெங்கே பிடித்திருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்படியிருந்த ஒரு முற்பகலில்தான் அந்தப் பிள்ளை கேற்றைத் தட்டினாள்.

"உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் காக்கா?"

"கதைக்கத் தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குச் சம்பளம் குடுக்கிற ஆக்களைத் தேடணுமே. கோழி வளக்கிறதுக்கு உதவி இரிக்கி. வீட்டுல இரிந்தே செய்யலாம்."

"கோழியோட விலை பேச ஏலாதே தங்கச்சி."

குசினிக்குள் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து நெடுநாளாகியிருந்தது. அந்தப் பிள்ளையும் அதைக் கேட்டிருக்க வேண்டும். கோழியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாயெடுக்கவில்லை. நான் முன்பு வேலை செய்த கடைக்கே போய் முதலாளியோடு கதைத்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. முதலாளி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். நாங்கள் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். "எங்கட ஆள்தானே, வரட்டும்" என்று கடைசியில் சொன்னாராம்.

நான் திரும்பிப் போனது நோன்பு மாதத்தில். கடை நிறையச் சனம். சாரிப் பகுதியின் மேசை நின்று விற்கிறவனுக்கென்று செய்த உயரம். பின்னால் இருந்தால் என் தலை மட்டும்தான் வெளியே தெரியும். ஆகையால் மேசைக்கு வெளியே, வாங்க வருகிறவர்களின் பக்கம், வாசலுக்குக் கிட்ட, காற்று வருகிற இடமாகப் பார்த்துக் கதிரையைப் போட்டார்கள். ஹாஜியார் தன் கையாலேயே அதைத் துடைத்து வைத்தார். நான் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடியில் சாரிகளோடு அமர்ந்தேன். என் வாய் திறந்துகொள்ளும் என்று காத்திருந்தேன்.

நோன்பு மாதத்தில் எங்கள் கடைத்தெரு எப்படியிருக்கும் என்பது தெரிந்தால்தான் நடந்தது விளங்கும். ஸக்காத்தும் ஸதக்காவுமாகத் தருமம் கொடுக்கிற மாதம். தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் இல்லாதவர்கள் வந்து கடை வாசல்களில் இருப்பார்கள். சாமான் வாங்க வருகிறவர்கள் கையில் சில்லறையையும் தாளையும் மடித்து வைத்திருப்பார்கள். உள்ளே போகும்போது கொஞ்சம், வெளியே வரும்போது கொஞ்சம், முகத்தைக் கூடப் பாராமல் கொடுத்துக்கொண்டே போவார்கள்.

முதலில் கொடுத்தவள் ஒரு சின்னப் பெண். நான் ஒரு நீலச் சாரியை விரித்து அவளுக்குக் காட்டப் போனேன். அவள் என் மற்றக் கையைப் பிடித்து, மடித்த தாளொன்றை உள்ளங்கைக்குள் வைத்து, விரல்களையும் தானே மூடிவிட்டாள். "துஆச் செய்ங்க வாப்பா" என்று தனக்காகப் பிரார்த்திக்கச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். ஒரு கையில் சாரி, ஒரு கையில் அந்தத் தாள். எதை முதலில் கீழே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இன்னொருவர் கொடுத்தார். பிறகு ஒரு தாய் தன் பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து என்னிடம் அனுப்பினாள். பிள்ளை பயந்து பயந்து வந்து என் மடியில் போட்டுவிட்டு ஓடியது. அன்று பின்னேரம் எல்லாவற்றையும் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டேன். ஆனால் மறுநாளும் அதுவே நடந்தது.

அதையாவது சிரித்துக் கழித்திருப்பேன். பெருநாள் கிட்டி வந்தபோது வரிப்பத்தான்சேனை ராத்தா வந்தார். அவரைக் கண்டவுடனே என் முதுகு நிமிர்ந்தது. நல்லதொரு மயில் கழுத்து நிறச் சாரியை விரித்து, அவர் அடித்துப் பேசிக் குறைக்க இடம் வைத்து, வேண்டுமென்றே கூட்டி விலை சொன்னேன். ராத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"சரி காக்கா. போடுங்க."

நான் சாரியை மடிக்காமல் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "என்ன ராத்தா, விலை நிண்டுக்கிட்டு இரிக்கே. இருத்தச் சொல்லல்லியா?"

"பரவாயில்ல காக்கா. நீங்க சொன்ன விலைதானே. அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கட்டும்."

சொன்னதைக் கொடுத்துவிட்டுப் போனார். மகள்மாரும் தலையைக் குனிந்துகொண்டே போனார்கள். கூட்டிச் சொன்னதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் காசு வாங்கிய பையனிடம் கத்தினேன். சனநெருக்கத்தில் அவர்கள் அதற்குள் கலந்துவிட்டார்கள். என்னோடு மல்லுக்கட்டிய அந்த மனுசியை அதற்குப் பிறகு நான் நேரில் காணவில்லை.

ஹாஜியார் எல்லாவற்றையும் காசு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கடை சாத்தும் நேரம் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க என்ட ஆள். என்ட கடை வாசல்ல இரிந்து நீங்க கை நீட்டுறெண்டு ஊர் கதைச்சா என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?"

"நான் கை நீட்டல்ல ஹாஜியார்."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? மேல வாங்க. கெமராவ மட்டும் பாத்துக்கிட்டு இரிங்க. சம்பளம் அதேதான். இருந்து செய்யிற வேல. உங்கட மரியாதைக்காகத்தான் சொல்றன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அப்படிப்பட்ட மனிதரிடம் நான் என்ன சொல்ல?

இருந்து செய்கிற அந்த வேலைக்கு ஒடுங்கலான ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். பொய்க்காலோடு ஒவ்வொரு படியாக ஏறி, நின்று, மூச்செடுத்து, மறுபடி ஏற வேண்டும். ஆகவே காலையில் ஏறினால் கடை சாத்தும்போதுதான் இறங்குவேன். சோற்றுப் பெட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் என்னோடு ஏறும். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் கீழே எல்லோரும் பள்ளிக்குப் போவது திரையில் தெரியும். நான் கதிரையில் இருந்தபடியே தனியாகத் தொழுவேன். புதுத்துணி வாசம் தலைக்குள் ஏறி நிற்கும்.

அந்தத் திரையில் சத்தம் இல்லை. படம் மட்டும்தான். பெண்கள் வருவார்கள், சாரியை உதறுவார்கள், வாய் அசையும். கூட நிற்கிறவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். மேசைக்குப் பின்னால், நான் நின்ற இடத்தில், புது ஆள் நிற்கிறான். அவனும் சிரிப்பான். என்ன சொன்னார்கள்? எனக்குத் தெரியாது. ஒரு நாள் வரிப்பத்தான்சேனை ராத்தாவும் வந்தார். கையை மடித்துவிட்டுக்கொண்டு அமர்ந்தார். அவருடைய வாய் நெடுநேரம் அசைந்தது. சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஒரு சொல்லும் மேலே வரவில்லை.

கீழேயிருந்து யாராவது போன் எடுத்தால், "காக்கா, அந்தப் பச்சை ஷோல் போட்ட ஆளக் கொஞ்சம் கவனிங்க" என்று மட்டும் சொல்வார்கள். வாங்க வாங்க என்று ஆட்களைக் கூப்பிட்ட வாய்க்கு அங்கே வேலை இல்லை. யார் எதை மறைக்கிறார்கள் என்று பார்க்கிற கண் ஒன்றுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

வீட்டில் மனைவி கேட்பாள். "இண்டைக்கு என்ன கொண்டு வந்தீங்க?" சில நாள் ஒன்றுமில்லை என்றேன். அவள் முகம் வாடுவது பொறுக்காமல், வாயசைவுகளுக்கு நானே பேச்சு வைக்கத் தொடங்கினேன். மஞ்சள் சாரி பார்த்த மாமி இப்படிச் சொன்னாள், கூட வந்த மருமகள் அதற்கு இப்படிச் சொன்னாள். மனைவி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கறிச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"இது அவங்கட வாயால வந்ததில்ல. எல்லாரும் உங்களப் போலவே கதைக்கிறாங்க."

அடுத்த நாளிலிருந்து அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அது என் மேல் உள்ள இரக்கத்தால்தான். எனக்கு அந்த நாட்களில் எல்லாமே இரக்கத்தால்தான் நடந்துகொண்டிருந்தன.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் அன்று திரையைப் பார்த்தபடி இருந்தேன். அந்தப் பிள்ளை விசிறுவதை விட்டுவிட்டு ஒரு துணிக்கட்டின் மேல் அமர்ந்தாள். அவளும் திரையைப் பார்த்தாள். கீழே இரண்டு பெண்கள் ஒரு சாரியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியாமலே. பிறகு கேட்டாள்:

"இதுல சத்தம் வராதா காக்கா?"

"வராது தங்கச்சி."

நான் சொல்லத் தொடங்கினேன். தாளை மடித்து வைத்த பெண்ணை, விலை பேசாமல் போன ராத்தாவை, மனைவி கேட்காமல் விட்டதை. நெடுநாளைக்குப் பிறகு என் வாய் திறந்தது. திறந்தது இப்படியொரு கதைக்காகத்தானே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? வேல தந்தவர் நல்லவர். வேல தேடித் தந்த நீயும் நல்ல பிள்ள. வீட்டுல இரிக்கிறவ நல்லவ. காசு வைச்சிட்டுப் போனதுகளும் நல்லதுகள். ஆரு மேல முறைப்பாடு வைக்கிற?"

அவள் பையின் வாரைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "என்ட பிழையும் இரிக்கி காக்கா. உங்களுக்கு வேல கிடைச்சிட்டெண்டு நான் வேற ஆக்களப் பாக்கப் போயிட்டன். எங்க இருத்தியிருக்காங்க எண்டு வந்து பாக்கல்ல." வாரை விட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் கீழ போய் உங்கள மேசைக்குப் பின்னால, உயரமான கதிரையில இருத்தச் சொல்லிக் கேக்கலாம். ஆனா ஹாஜியார் மனம் கோணினா இந்த வேலையும் போயிரும். போனா வேற இடம் உடன தேடித்தர எனக்கு ஏலாது. பொய் சொல்ல விருப்பமில்ல. யோசிச்சிச் சொல்லுங்க."

யோசித்தேன். பாசி பிடித்த மதில் கண்ணுக்குள் வந்தது. றோட்டால் போகிற ஸலாம்கள் வந்தன. இங்கே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. மாதம் முடிந்தால் சம்பளம் வரும். மனைவி கடைக்காரனிடம் தலையை நிமிர்த்திச் சாமான் வாங்குகிறாள். என் ஒருவனுடைய வாய்க்காக இதையெல்லாம் கொண்டுபோய்ச் சூதில் வைக்கலாமா என்று என்னையே கேட்டேன். கீழே அந்த இரண்டு பெண்களும் சாரியை மடித்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது இனி ஒரு நாளும் எனக்குத் தெரியப்போவதில்லை.

"போய்க் கதை தங்கச்சி" என்றேன்.

அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் முடிந்து, காசு மேசைச் சதுரத்தில் அவள் தெரிந்தாள். ஹாஜியார் எழுந்து மரியாதையாக அவளுக்குக் கதிரை காட்டினார். அவள் அமரவில்லை. அவளுடைய கை அசைந்தது. ஹாஜியார் தலையாட்டினார். அது ஓமென்கிற ஆட்டம் இல்லை. வாசலைக் காட்டினார், நெஞ்சில் கையை வைத்தார், மேலே கூரையைக் காட்டினார். என் மரியாதைக்காக என்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவள் மறுபடி ஏதோ சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கணக்குப் பார்க்கத் தொடங்கினார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவள் வெளியேறி விடுவாள், நானும் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

அவள் வாசல் பக்கம் போகவில்லை. சாரிப் பகுதிக்கு வந்தாள். புது ஆள் ஒரு சாரியை விரித்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்னொன்றை விரித்தான். அதுவும் வேண்டாம். அவன் ஏதோ கேட்க, அவள் மேலே, நான் இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள். ஹாஜியார் கணக்கை விட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் குவியலிலிருந்து ஒரு சாரியைத் தானே இழுத்தெடுத்தாள். சுவர்களில் தேடித் தேடிக் கெமரா இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, சாரியின் முந்தானையை அதற்கு நேரே உயர்த்திப் பிடித்து, மற்றக் கையை விரித்து, என்ன விலை என்று என்னிடம் கேட்டாள்.